காலம்: உண்மையா, கணக்கா?



"மணி என்ன?" என்று ஒருவர் கேட்டால், கைக்கடிகாரத்தைப் பார்த்து உடனே விடை கூறிவிடுகிறோம். "காலம் என்றால் என்ன?" என்று கேட்டால் விடை எளிதில் வருவதில்லை. நேரம் போதவில்லை என்கிறோம். காலம் கெட்டுவிட்டது என்கிறோம். நல்ல காரியத்திற்கு நேரம் பார்க்கிறோம். காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று துக்க வீட்டில் ஆறுதல் சொல்கிறோம். இப்படி நாள்தோறும் நாம் பெயர் சொல்லும் அந்தக் காலம், மனிதனே இல்லாவிட்டாலும் உலகில் இருக்குமா? அல்லது, நாட்டு எல்லையைப் போலவும் நாணயத்தைப் போலவும், மனிதன் தன் வசதிக்காக வகுத்துக்கொண்ட ஓர் ஏற்பாடுதானா? இந்தக் கேள்வியைத்தான் இன்று நாம் ஆராயப் போகிறோம்.

முதலில், காலம் மனிதனின் ஏற்பாடே என்று சொல்பவர்களின் பக்கம் நின்று பார்ப்போம். அவர்களுக்குச் சான்று தேட நாம் தொலைவு போக வேண்டியதில்லை. நம் நாட்டுக் கடிகாரத்தின் வரலாறே போதும்.

1981ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் இரவு, தீபகற்ப மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மணி பதினொன்றரை ஆனதும் கடிகாரங்கள் பன்னிரண்டுக்கு நகர்த்தி வைக்கப்பட்டன. அந்த ஆண்டின் கடைசி அரைமணி நேரம் இங்கு வரவேயில்லை! சபாவும் சரவாக்கும் அதற்கு முன்பே கிரீனிச் நேரத்தைவிட 8 மணி முந்திய கணக்கில் இருந்தன. மலேசியா முழுவதும் ஒரே நேரம் வழங்க வேண்டும் என்பதற்காகத் தீபகற்பம் அக்கணக்குக்கு மாறியது. அதனோடு வாணிகத்தாலும் போக்குவரத்தாலும் பிணைந்த சிங்கப்பூரும் உடன் மாறியது.

அது முதல் மாற்றமும் அன்று. 1905ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கிரீனிச்சுக்கு 7 மணி முந்திய நேரம் வழக்கிற்கு வந்தது. 1933இல் அதனுடன் 20 நிமிடம் கூட்டினார்கள். 1941 செப்டம்பரில் மேலும் 10 நிமிடம் கூட்டி ஏழரை மணி ஆக்கினார்கள். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மறுநாளே அங்குள்ள கடிகாரங்கள் ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டு, டோக்கியோ நேரம் காட்டின. 1945 செப்டம்பரில் ஜப்பானியர் சரணடைந்தபின் மறுபடியும் பழைய நேரம் வந்தது. கொடி மாறினால் கடிகாரமும் மாறியது என்பதை நாம் இங்கே கவனிக்க வேண்டும்.

இன்றைய நிலையையும் பார்ப்போம். பூமி ஒரு நாளில் 360 பாகை சுழல்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் ஆகிறது. அந்தக் கணக்குப்படி, கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் சராசரியாகப் பகல் 1 மணி 13 நிமிடம் காட்டுகிறது. கோத்தா கினபாலுவில் சூரியன் உச்சிக்கு வருவதோ ஏறத்தாழ 12 மணி 16 நிமிடத்தில். இரண்டு ஊருக்கும் ஒரே நேரம் என்று சட்டம் சொல்கிறது. ஏறக்குறைய ஒரு மணி நேர வேறுபாடு என்று சூரியன் சொல்கிறது.

நம் முன்னோர் கணக்கும் இத்தகையதே. ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தார்கள். ஒரு நாழிகைக்கு இன்றைய கணக்கில் 24 நிமிடம். ஏன் 60? 50 ஆக இருக்கக் கூடாதா? இருக்கலாம். பகுத்தவர்களின் வசதி அது. ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தார்கள். அந்த வகுப்பு தமிழகத்து மழையையும் பனியையும் கண்டு எழுந்தது. மார்கழி, தை என்ற மாதப் பெயர்களோடு நம்மவர் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தார்கள். பெயர்கள் வந்தன, பனி வரவில்லை.

மொழியும் காலத்தைத் தன் விருப்பப்படியே பகுக்கிறது. வந்தான், வருகிறான், வருவான் என்று தமிழ் வினைச்சொல் தன் உடலுக்குள்ளேயே காலத்தைத் தாங்கி நிற்கிறது. மலாய் வினைச்சொல்லோ காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை. 'சூடா', 'அக்கான்' போன்ற சொற்களை முன்னே சேர்த்துக் காலத்தைக் குறிப்பிடுவார்கள். இந்தியில் நேற்றைக்கும் நாளைக்கும் 'கல்' என்ற ஒரே சொல் வழங்குகிறது.

ஆகவே காலம் மனிதனின் கற்பனை என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். இந்தி பேசுபவர் எவரும் நேற்றுச் சென்றுவிட்ட இரயிலைப் பிடிக்க நாளைக்கு நிலையத்திற்குப் போவதில்லை. சொல் ஒன்றாக இருந்தாலும், நடந்து முடிந்தது வேறு, நடக்கப் போவது வேறு என்பது அவருக்கும் தெரியும். பகுக்கும் முறை நம்முடையது. பகுக்கப்படும் பொருளும் நம்முடையதுதானா என்பதல்லவா கேள்வி?

இதற்கு நம் தோட்டப்புறத்து ரப்பர் மரத்தைக் கேட்போம். விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, இருள் பிரியும் வேளையில் மரத்தடிக்குப் போவது பால்மரம் வெட்டுவோரின் வழக்கம். ஏன் அவ்வளவு சீக்கிரம்? இரவில் மரம் நீரை உறிஞ்சிப் பால் குழாய்களில் அழுத்தம் மிகுந்து நிற்கிறது. வெயில் ஏறியதும் இலைகள் வழியே நீர் ஆவியாகிறது, அழுத்தம் குறைகிறது, பாலும் குறைகிறது. கீறிய இடத்திலிருந்து சில மணி நேரம் மங்கில் பால் சொட்டும்; பிறகு பால் உறைந்து கீறல் அடைபட்டு நின்றுவிடும்.

1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் காலை, கடிகாரம் அரைமணி முந்திவிட்டது. மரம் முந்தவில்லை. அது சூரியனையே எதிர்பார்த்து நின்றது. முந்திய நாள் வரை எந்த ஒளியில் பால் நன்றாக வடிந்ததோ, அதே ஒளியில்தான் அன்றும் வடிந்தது. அரசாங்க ஆணை அந்த வேளையின் பெயரை மாற்றியது, வேளையை மாற்றவில்லை.

இதைவிடத் துயரமான சான்று ஒன்றும் நம் வரலாற்றில் உண்டு. 1942, 1943ஆம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் – பர்மா இரயில் பாதை போடக் கொண்டு போகப்பட்டார்கள். அவர்களை ஏவியவர்களின் கடிகாரம் டோக்கியோ நேரம் காட்டியது. அதனால் அவர்களின் பசி ஒரு நிமிடமாவது குறைந்ததா? காய்ச்சலில் கிடந்தவரின் இரவு ஒரு நாழிகையாவது சுருங்கியதா? காலம் வெறும் பெயர்தான் என்றால், பெயரை மாற்றியதும் அதுவும் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. எனவே கடிகார எண் வேறு, அந்த எண் சுட்டும் கால அளவு வேறு என்பது நமக்குத் தெளிவாகிறது.

நேயர்களே, அறிஞர் உலகில் இந்த வழக்கு மிகப் பழையது. சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன் வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த அகஸ்டின் என்ற கிறிஸ்துவ ஞானி ஓர் ஐயத்தை எழுப்பினார். கடந்த காலம் இப்போது இல்லை. எதிர்காலம் இன்னும் வரவில்லை. நிகழ்காலமோ நீளமற்ற ஒரு புள்ளி. அப்படியானால் எதை நாம் நீண்ட காலம் என்று அளக்கிறோம்? நினைவும் எதிர்பார்ப்புமாக நம் உள்ளத்தில் இருப்பதையே அளக்கிறோம் என்பது அவர் கண்ட விடை. 1687இல் தம் பெருநூலை வெளியிட்ட நியூட்டன் இதற்கு நேர்மாறாகச் சொன்னார். உலகில் எதுவுமே நிகழாவிட்டாலும் காலம் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும் என்பது அவர் கருத்து. அவர் காலத்தவரான ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ், நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக அமையும் வரிசையே காலம். நிகழ்ச்சி இல்லையேல் காலமும் இல்லை என்று மறுத்தார்.

இந்த வாதத்தைச் சொல்லளவில் நில்லாமல் சோதனைக்குக் கொண்டு வந்தது இருபதாம் நூற்றாண்டு. 1905ஆம் ஆண்டில் ஐன்ஸ்டீன், வேகமாகச் செல்லும் கடிகாரம் நிற்கும் கடிகாரத்தைவிட மெதுவாக ஓடும் என்று கணக்கிட்டுக் காட்டினார். பின்னர், ஈர்ப்பு மிகுந்த இடத்திலும் கடிகாரம் மெதுவாகும் என்றார். கேட்பதற்குக் கதை போல் இருந்தது. 1971 அக்டோபரில் ஹாஃபெலே, கீட்டிங் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் நான்கு சீசியம் அணுக் கடிகாரங்களைச் சாதாரணப் பயணிகள் விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றி வந்தார்கள். தரையிலிருந்த கடிகாரத்தோடு ஒப்பிட்டபோது, கிழக்கு நோக்கிச் சுற்றியவை ஒரு வினாடியின் நூறு கோடிப் பங்கில் 59 பங்கு பிந்தியிருந்தன. மேற்கு நோக்கிச் சுற்றியவை 273 பங்கு முந்தியிருந்தன. கணக்கு மெய்யாயிற்று.

இன்று நம் கைத்தொலைபேசி வழி காட்டுகிறதே, அதற்கு உதவும் ஜி.பி.எஸ். துணைக்கோள்களின் கடிகாரங்கள், திருத்தாமல் விட்டால், தரைக் கடிகாரங்களைவிட நாளொன்றுக்கு ஒரு வினாடியின் பத்து இலட்சம் பங்கில் 38 பங்கு முந்திவிடும். அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் சுமார் பத்துக் கிலோமீட்டர் பிழை சேர்ந்துவிடும். கிள்ளானுக்குப் புறப்பட்டவர் வேறெங்கோ போய் நிற்க வேண்டியதுதான்! 2022இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து ஆய்வாளர்கள், ஒரே ஒரு மில்லிமீட்டர் உயர வேறுபாட்டிலும் காலம் வேறாக ஓடுவதை அளந்து காட்டினார்கள்.

மனிதன் செய்த கடிகாரம் என்பதால் இதை ஒப்ப மறுப்பவர் இருக்கலாம். அவருக்காக இயற்கையே ஒரு கடிகாரம் வைத்திருக்கிறது. வான்வெளியிலிருந்து வரும் கதிர்கள் சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் காற்றோடு மோதும்போது மியூவான் என்ற நுண்துகள்கள் பிறக்கின்றன. மியூவானின் சராசரி ஆயுள் ஒரு வினாடியின் பத்து இலட்சம் பங்கில் 2.2 பங்குதான். ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீட்டரே கடக்க முடியும். ஆனாலும் ஏராளமானவை தரை வந்து சேர்கின்றன. வேகத்தால் அவற்றின் ஆயுள், நம் அளவையில், நீள்கிறது. மியூவானுக்கு நாள்காட்டி இல்லை, மொழி இல்லை, மனமும் இல்லை. காலம் மனிதக் கருத்து மட்டுமே என்றால், இந்தத் துகளுக்கு எந்த மனிதனின் கருத்து ஆயுள் கொடுத்தது?

ஆகவே காலம் உண்மை. ஆனால் நியூட்டன் எண்ணியபடி எல்லா இடத்துக்கும் பொதுவான ஒரே நீரோட்டம் அன்று அது. ஈப்போவில் ஒரு விளக்கும் ஜொகூர் பாருவில் ஒரு விளக்கும் ஒரே கணத்தில் எரிந்தன என்று தரையில் நிற்பவர் சொல்லலாம். ஒளியை நெருங்கும் வேகத்தில் கடந்து செல்பவர், ஒன்று முந்தி எரிந்தது என்பார். இருவரும் தவறு செய்யவில்லை. 'இந்தக் கணம்' என்பது உலகம் முழுவதற்கும் பொதுவானது அன்று. இதனால் இறந்த காலமும் எதிர்காலமும் நிகழ்காலத்தைப் போலவே நிலையாக உள்ளவை என்று சில அறிஞர் கருதுகிறார்கள். வேறு சிலர் இதை ஏற்பதில்லை. இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஆயினும் ஒன்றில் ஐயமில்லை. காரணமும் அதன் விளைவும் எவர் பார்வையிலும் முன்பின்னாக மாறுவதில்லை. மரத்தைக் கீறிய பிறகே பால் வடிகிறது. பால் வடிந்த பிறகு கீறியதாக எவரும், எந்த வேகத்தில் சென்றாலும், காண முடியாது.

காலம் பின்னோக்கி ஏன் திரும்புவதில்லை என்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் இழுத்து ஆற்றுவதைப் பார்த்திருப்போம். தேநீரும் டின்பாலும் கலந்து ஒரே நிறம் ஆகின்றன. எத்தனை முறை திருப்பி ஊற்றினாலும் பால் வேறு, தேநீர் வேறாகப் பிரிவதில்லை. கலந்து கிடப்பதற்கான வழிகள் கணக்கற்றவை. பிரிந்து நிற்பதற்கான வழிகள் மிகச் சிலவே. எனவே பொருள்கள் ஒழுங்கிலிருந்து கலப்பை நோக்கியே செல்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரிய அறிஞர் போல்ட்ஸ்மான் இதைக் கணிதத்தால் விளக்கினார். எரிந்த விறகு மீண்டும் மரமாவதில்லை. நரைத்த தலை தானே கறுப்பதில்லை.

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். மணி, நாழிகை, மாதம், ஆண்டு ஆகியவை மனிதன் வகுத்தவை. அவற்றை மனிதனே மாற்றலாம். எது முன், எது பின் என்ற காரண வரிசையும், ஒரு நிகழ்ச்சி நீடிக்கும் அளவும் இயற்கையில் உள்ளவை. அவற்றை ஆணையிட்டு மாற்ற எவராலும் ஆகாது. 'இப்போது' என்று நாம் உணரும் கணத்தின் தன்மை மட்டும் இன்னும் ஆராய்ச்சிக்குரியதாகவே இருக்கிறது.

இந்த வேறுபாட்டை அறிவதால் நமக்கு என்ன பயன்? காலம் வெறும் மாயை என்று சொல்லிச் சோர்ந்திருப்பவரிடம் நாம் ஏமாற மாட்டோம். எட்டு மணி நேர உழைப்பு என்பது சுவரில் தொங்கும் எண் அன்று. அது ஒரு மனிதனின் ஆயுளில் திரும்பி வராத ஒரு பங்கு என்பதை உணர்வோம். ஏழு வயதில் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய குழந்தையைப் பத்து வயதில் அனுப்பிவிட்டு, அந்த மூன்று ஆண்டுகளை எந்தக் கடிகாரத்தைத் திருப்பியும் மீட்க முடியாது என்பதையும் உணர்வோம். முள்ளை நாம் முன்னும் பின்னும் நகர்த்தலாம். முள் அளக்கும் பொருள் நம் கைக்குள் அகப்படுவதில்லை.

நேயர்களே, இந்த உரையைக் கேட்டு முடிப்பதற்குள் கால் மணி நேரம் ஆகியிருக்கும். கால் மணி என்பது நாம் இட்ட பெயர். கழிந்தது உண்மை. அதை நாம் பயனுள்ள வகையில் கழித்தோம் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறோம்.