மருந்தும் மொழியும்

விசுவாசத்தைச் செயலிற் காட்டுமாறு கேட்கிறது யாக்கோபின் நிருபம். அதற்குத் தம் வாழ்வால் உரையெழுதியவர் மானிப்பாய் மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் என்பேன். 1847இல் இலங்கைக்கு வந்த இந்த அமெரிக்கர், நோயாளரின் மொழியைக் கற்றார். மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே போதித்தார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' முதலாம் நூல்களைத் தமிழிலே தந்தார். கலைச்சொல்லாக்கத்தின் முன்னோடியென அவரைப் போற்றுகிறோம். அச்சொற்களைப் பிறப்பித்தது அயலான்மீது கொண்ட அன்பென்றே நான் கருதுகிறேன். நோயைத் தன் மொழியிற் சொல்ல முடிந்தாலே நோயாளிக்குப் பாதி ஆறுதல். இன்றும் வைத்தியசாலையிலே, கந்தோரிலே, விளங்காத படிவத்தோடு தயங்கி நிற்பவர் பலர். அவர்களுக்கு அவர்கள் மொழியிலே பொறுமையாக எடுத்துச் சொல்லும் கிறிஸ்தவர், ஞாயிறு கேட்ட பிரசங்கத்தைத் திங்களன்று நிறைவேற்றியவராவார்.