சீரான இயக்கமும் சீரான முடுக்கமும்



நம் மாணவர் பலர் இயக்கத்தின் வாய்பாடுகளைத் தடையின்றி ஒப்பிக்கின்றனர்; பொருள் கேட்டால் தயங்குகின்றனர். பொருள் விளங்கினால், மறந்த வாய்பாட்டையும் நாமே ஆக்கிக்கொள்ளலாம். ஆதலின் நேர்க்கோட்டில் நிகழும் இருவகை இயக்கங்களைப் பற்றி மட்டும் இன்று பேச விரும்புகிறேன்.

நேரான சாலையில் ஒரு வண்டி நொடிக்கு 10 மீட்டர் வீதம் செல்கிறது எனக் கொள்வோம். எந்த நொடியை எடுத்தாலும் அது கடப்பது 10 மீட்டரே. சம காலங்களில் சம தொலைவு. இதுவே சீரான இயக்கம்.

மற்றொரு வண்டி நின்ற நிலையிலிருந்து புறப்படுகிறது. அதன் வேகம் முதல் நொடியின் முடிவில் நொடிக்கு 2 மீட்டர். இரண்டாம் நொடியின் முடிவில் 4. மூன்றாம் நொடியின் முடிவில் 6. இங்கே சம காலங்களில் சமமாக மிகுவது வேகமேயன்றித் தொலைவு அன்று. இதுவே சீரான முடுக்கம். முதல் நொடியில் வேகம் சுழியிலிருந்து 2 வரை ஏறுவதால் சராசரி 1. கடந்த தொலைவும் 1 மீட்டர். அடுத்த நொடியில் 3 மீட்டர். அதற்கடுத்து 5 மீட்டர். மொத்தத் தொலைவோ 1, 4, 9 என வளர்கிறது. காலம் இருமடங்காயின் தொலைவு நான்கு மடங்கு. மும்மடங்காயின் ஒன்பது மடங்கு.

இவ்விதியை அளந்து காட்டியவர் இத்தாலிய அறிஞர் கலீலியோ. விழும் பொருளின் வேகம் அளவிட முடியாத அளவுக்கு மிகுதி. நொடியைத் துல்லியமாகக் காட்டும் கடிகாரமும் அந்நாளில் இல்லை. ஆகவே நீண்ட மரப்பலகையில் பள்ளம் வெட்டி, அதைச் சாய்த்து வைத்து, வெண்கலக் குண்டை உருட்டினார். குண்டு உருளும் வரை ஒரு பாத்திரத்தின் நுண்துளை வழியே ஒழுகிய நீரைப் பிடித்து நிறுத்து, அந்த எடையால் காலத்தை அளந்தார். பலகையின் கால்பங்கு நீளத்தைக் கடக்க, முழு நீளத்தைக் கடக்கும் காலத்தில் சரிபாதி ஆயிற்று. 1638இல் வெளிவந்த தம் நூலில் இதனை விளக்கியுள்ளார்.

இது ஏட்டில் நிற்கும் கணக்கு அன்று. உயிர் காக்கும் கணக்கு. மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 10 மீட்டர். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆகுமாயின், அந்நொடியில் வண்டி சீராகவே 10 மீட்டர் ஓடிவிடும். பின்னர் வேகம் நொடிக்கு 5 மீட்டர் வீதம் குறைந்தால், நிற்பதற்கு மேலும் 10 மீட்டர் வேண்டும். ஆக 20 மீட்டர். வேகம் 72 கிலோமீட்டராயின், முதற்பகுதி இருமடங்காகி 20. பிற்பகுதி நான்கு மடங்காகி 40. ஆக 60 மீட்டர். வேகம் இருமடங்கு, வேண்டிய தொலைவோ மும்மடங்கு. வண்டி ஓட்டும் இளைஞரும் சாலையைக் கடக்கும் சிறுவரும் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

இளைஞர்களே! பலகை, குண்டு, தண்ணீர் ஆகியவற்றைக் கொண்டு கலீலியோ செய்ததை நம் தெருவிலும் செய்து பார்க்கலாம். பிறர் சொல்லக் கேட்டு நம்பிக் கிடந்த காலம் போதும். நான் சொன்னேன் என்பதற்காகவும் இவ்விதியை ஏற்க வேண்டா, அளந்து பாருங்கள். தானே அளந்து அறிந்த அறிவை எவரும் நம்மிடமிருந்து பறிக்க இயலாது.