மூட்டை சுமக்கும் உடம்பு

தில்லியில் ஆசாத்பூர் என்ற இடத்தில் மிகப் பெரிய காய்கறிச் சந்தை இருக்கிறது. அங்கே மூட்டை சுமப்பவர்களைப் பல்லேதார் என்று சொல்வார்கள். மே, ஜூன் மாதங்களில் தில்லி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அந்த வெயிலிலும் அவர்கள் மூட்டை தூக்குகிறார்கள்.

ஒரு பல்லேதார் மூட்டையை இறக்கிவிட்டு நிழலில் உட்காருகிறார். "அதற்குள் என்ன ஓய்வு?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர் சோம்பேறியா? அவர் உடம்புக்குள் நடப்பதைப் பாருங்கள்.

அடுப்புக்கு விறகு. உடம்புக்குச் சாப்பாடு. சாப்பாட்டில் இருந்துதான் தசைக்குச் சக்தி கிடைக்கிறது. தசை செலவழிக்கும் சக்தியை நாலு பங்காக வையுங்கள். ஏறக்குறைய ஒரு பங்குதான் வேலையாக மாறும். மற்ற மூன்று பங்கும் சூடாக மாறும். குனிந்து நிமிரும்போது தன் உடம்பையும் சேர்த்துத்தானே தூக்குகிறார்? ஆகவே மூட்டைக்குப் போய்ச் சேருவது ஒரு பங்கை விடவும் குறைவு.

மூட்டையைச் சுமந்தபடி சும்மா நின்றாலும் தசை இறுகியே இருக்கும். சக்தி செலவாகும். அதுவும் சூடாகவே போகும். தமிழ்நாட்டில் பழைய சாலை ஓரங்களில் சுமைதாங்கிக் கல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சுமையை இறக்கி வைத்து இளைப்பாறத்தான் அதை நட்டார்கள்.

உடம்பில் சேர்ந்த சூடு வெளியே போக வேண்டும். காற்று உடம்பை விடச் சூடாக இருந்தால், வியர்வை ஒன்றுதான் வழி. ஒரு லிட்டர் வியர்வை உடம்பின் மேல் உலர்ந்தால் எவ்வளவு சூடு போகும் தெரியுமா? ஏறக்குறைய 8 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு சூடு! ஆனால் வியர்வை உலர வேண்டும். சொட்டி விழுந்தால் பயன் இல்லை. கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை சீக்கிரம் உலராது. அங்கே வெயில் குறைவாக இருந்தாலும் ஆபத்து உண்டு.

ஆகவே, தாகம் எடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு குவளை தண்ணீர் குடிக்க வேண்டும். உப்புப் போட்ட மோரும் கஞ்சியும் நல்லது. கனமான வேலையைக் காலையிலேயே முடிப்பது நல்லது. வேலை செய்பவர் உளறினால், தள்ளாடினால், மயங்கினால், உடனே நிழலுக்குக் கொண்டு போங்கள். உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

தண்ணீரும் நிழலும் ஓய்வும் சலுகை அல்ல. அவை இல்லாமல் உடம்பு உழைக்காது. வேலை கொடுப்பவரிடம் அவற்றைக் கூச்சம் இல்லாமல் கேளுங்கள்.