வாய்க்காலில் எறியப்படும் அமானிதம்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

அன்பிற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே! எந்நிலையிலும் அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் உபதேசித்து இவ்வுரையைத் தொடங்குகிறேன்.

மேட்டூர் அணை வழமையாக ஜூன் 12 ஆம் நாள் திறக்கப்படுகிறது. கல்லணைக்கு வந்து சேரும் நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து, பல ஆறுகளாகவும் எண்ணற்ற வாய்க்கால்களாகவும் கிளைத்துக் கடலை நோக்கிச் செல்கிறது. அய்யம்பேட்டை, ராஜகிரி, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, நாகூர் என நம் மஹல்லாக்கள் பல இந்தப் படுகையில்தான் உள்ளன. அணையில் நீர் இருந்தும் கடைமடை வயல் காய்வது இங்கே புதிதல்ல. நீர் ஏன் போய்ச் சேரவில்லை என்று வாய்க்காலில் இறங்கிப் பார்த்தால் ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக் பை, விருந்தில் மிஞ்சிய இலை, அறுத்த பிராணியின் கழிவு ஆகியவை மதகை அடைத்துக் கிடக்கின்றன. இவற்றில் எவ்வளவு நம் வீட்டிலிருந்து போனவை என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

படைப்பில் வீண் இல்லை

வானங்களையும் பூமியையும் அல்லாஹ் வீணாகப் படைக்கவில்லை என்பதைச் சிந்திக்கும் மக்கள் உணர்ந்து கூறுவதாகத் திருமறை எடுத்துரைக்கிறது (3:191). வானிலிருந்து இறங்கும் நீர் பூமியில் ஊற்றுகளாக ஓடுவதையும், அதனால் பயிர் விளைந்து, மஞ்சளித்து, பின்பு சருகாவதையும் அறிவுடையோருக்குப் படிப்பினையாக இறைவன் காட்டுகிறான் (39:21). அந்தச் சருகு மக்கி மண்ணுக்கு உரமாகிறது. அந்த மண்ணிலிருந்தே அடுத்த பயிர் எழுகிறது. கால்நடையின் வயிற்றில் சாணத்திற்கும் இரத்தத்திற்கும் இடையிலிருந்து தூய பாலைப் புகட்டுவதாகவும் அவன் கூறுகிறான் (16:66). மனிதன் தின்ன முடியாத வைக்கோலே அங்கு பாலாக மாறுகிறது.

ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாகும் இந்த ஒழுங்கைத்தான் இன்று பொருளியல் அறிஞர்கள் சுழற்சிப் பொருளாதாரம் என்கின்றனர். எடுத்துப் பயன்படுத்தி எறிந்துவிடாமல், எடுத்ததை மீண்டும் மண்ணுக்கும் உழைப்புக்கும் திருப்பித் தருவதே அதன் சாரம்.

நபிவழி காட்டும் பாடம்

அன்னை மைமூனா (ரலி) அவர்களால் விடுதலை செய்யப்பட்ட ஒரு பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு செத்துக் கிடந்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதன் தோலைப் பயன்படுத்தியிருக்கலாமே எனக் கேட்டார்கள். அது செத்த பிராணி ஆயிற்றே என்று தோழர்கள் கூறியபோது, அதை உண்பதுதான் தடுக்கப்பட்டது என விளக்கினார்கள் (புகாரி, முஸ்லிம்). ஹஜ்ஜில் பலியிடப்பட்ட ஒட்டகங்களின் இறைச்சியோடு தோலையும், அவற்றின் மீது போர்த்தியிருந்த துணியையும்கூடத் தர்மம் செய்துவிடுமாறு அலீ (ரலி) அவர்களுக்குக் கட்டளையிட்டார்கள் (புகாரி, முஸ்லிம்). தம் செருப்பைத் தாமே தைத்து அணிந்த தலைவர் அவர்கள். பயன் இருக்கும்வரை எந்தப் பொருளையும் கழிவென்று ஒதுக்காத வாழ்வு அது.

வயலில் நாம் இழப்பவை

ஒரு டன் நெல் விளையும்போது ஏறத்தாழ அதே எடைக்கு வைக்கோலும் கிடைக்கிறது. ஒரு டன் வைக்கோலில் 5 கிலோவுக்கு மேல் தழைச்சத்தும், 15 கிலோவுக்கு மேல் சாம்பல் சத்தும் உள்ளன. இயந்திர அறுவடைக்குப் பின் தீ வைத்தால் தழைச்சத்து புகையோடு போய்விடும். அதையே மறுபடி காசு கொடுத்து யூரியாவாக வாங்குகிறோம். அதே வைக்கோலில் சிப்பிக் காளான் வளர்க்கலாம். வீட்டிலிருந்தபடியே நம் பெண்கள் செய்யக்கூடிய கண்ணியமான தொழில் இது. காளான் எடுத்தபின் எஞ்சும் வைக்கோல் எருக்குழிக்கு ஏற்றது.

100 கிலோ நெல்லை அரைத்தால் சுமார் 20 கிலோ உமி கிடைக்கும். அது ஆலையின் கொதிகலனுக்கு எரிபொருளாகிறது. சாம்பல் செங்கல், சிமெண்ட் தயாரிப்பில் சேர்கிறது. தவிட்டிலிருந்து எண்ணெய் எடுத்தபின் மிஞ்சுவது மாட்டுத் தீவனமாகிறது. நாள்தோறும் 25 கிலோ சாணம் கிடைத்தால் ஏறத்தாழ ஒரு கன மீட்டர் எரிவாயு பெறலாம். கலனிலிருந்து வெளிவரும் கரைசல் நல்ல எரு.

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தென்னை நார்க்கழிவு குவிகிறது. ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி சிப்பிக் காளான் வித்து என அடுக்கடுக்காக இட்டு ஈரம் காத்து மக்க வைக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது.

ஆறு திருப்பித் தருவது

வயலில் அளவுக்கு மீறி இட்ட உரமும் ஊரின் சாக்கடையும் கலந்த நீரில்தான் ஆகாயத்தாமரை கொழுக்கிறது. நாம் இழந்த சத்தே களையாக நின்று நீரை மறிக்கிறது என்றால் மிகையல்ல. பூப்பதற்கு முன் அதை அள்ளி, சாணத்துடன் அடுக்கி மக்க வைத்தால் இழந்தது வயலுக்கே திரும்பும். ஆலைக் கழிவு கலக்கும் இடத்தில் வளர்ந்ததை மட்டும் உணவுப் பயிருக்கு இடக்கூடாது. குளத்தில் படியும் வண்டலும் இத்தகையதே. உரிய அனுமதி பெற்று அதை வயலுக்கு எடுத்துச் சென்றால் குளமும் ஆழமாகும், நிலமும் வளம் பெறும்.

மஹல்லாவில் தொடங்குவோம்

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் உளூச் செய்தார்கள் (புகாரி, முஸ்லிம்). இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவே ஒரு முத்து. 200 பேர் தொழும் பள்ளியில் ஆளுக்கு 5 லிட்டர் செலவானால் ஒரு வேளைக்கே 1,000 லிட்டர் நீர் சாக்கடைக்குப் போகிறது. முதலில் குழாயைச் சிறிதளவே திறப்போம். பிறகு அந்நீரைப் பள்ளித் தோட்டத்துத் தென்னைக்கும் வாழைக்கும் திருப்புவோம். மரம் நட்டவருக்கு அதிலிருந்து மனிதனும் பறவையும் பிராணியும் உண்பதெல்லாம் தர்மம் என்பது நபிமொழி (புகாரி).

வலீமா விருந்தின் மிச்ச உணவு, கெடுவதற்குமுன் ஏழையின் வீட்டுக்கும், இலை எருக்குழிக்கும் போகட்டும். குர்பானி நாட்களில் ஜமாஅத் சார்பில் முன்கூட்டியே ஆழமான குழி வெட்டிக் கழிவைப் புதைக்க வேண்டும். இரைப்பைச் சாணத்தை வைக்கோலுடன் சேர்த்து மக்க வைக்கலாம். விலை குறைந்துவிட்டது என்று தோலை வாய்க்காலில் எறிவது, அல்லாஹ்வுக்காக அறுத்ததை அவன் படைத்த நீருக்கே கேடாக்குவதாகும். தோலுக்கு உடனே உப்பிட்டுப் பாதுகாக்கும் பொறுப்பை இளைஞர்கள் ஏற்கலாமே!

கடைமடைக்காரரின் ஹக்கு

சகோதரர்களே! ஸுபைர் (ரலி) அவர்களின் வாய்க்கால் வழக்கில், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சிவிட்டு அண்டை நிலத்துக்கு விட்டுவிடுமாறுதான் நபி (ஸல்) அவர்கள் முதலில் கூறினார்கள் (புகாரி). மேல்மடையில் இருப்பவருக்கு முன்னுரிமை உண்டு. வழியை அடைக்கும் உரிமை இல்லை. கப்பலின் கீழ்த்தளத்தில் இருப்போர் துளையிடுவதை மேல்தளத்தார் தடுக்காவிட்டால் அனைவரும் மூழ்குவர் என்ற உவமையும் நாம் அறிந்ததே (புகாரி).

2020 ஆம் ஆண்டில் காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டத்தால் அறிவிக்கப்பட்டது. எண்ணெய், எரிவாயு அகழ்வு போன்ற புதிய திட்டங்களை அச்சட்டம் தடுக்கும். நம் வாசலிலிருந்து வாய்க்காலுக்குப் போகும் குப்பையை நம் ஈமான்தான் தடுக்க வேண்டும்.

தொழுகையில் நேர்ந்த குறைக்கு அல்லாஹ்விடம் தௌபாச் செய்யலாம். அடியார்களின் உரிமையைப் பறித்த பாவமோ, உரியவர் மன்னிக்காதவரை தீராது. நாம் எறிந்த மூட்டை எங்கோ ஒரு மதகை அடைத்து, யாரோ ஒரு கடைமடை விவசாயியின் நாற்று கருகினால், பெயரும் ஊரும் தெரியாத அந்த மனிதரை எங்கே தேடிச் சென்று மன்னிப்புக் கேட்போம்? தொழுகையும் நோன்பும் ஸகாத்தும் கொண்டு வந்தும், பிறர் உரிமைக்கு ஈடாக நன்மைகளை இழந்து மறுமையில் ஓட்டாண்டியாக நிற்பவரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள் (முஸ்லிம்). அந்த நிலையிலிருந்து அல்லாஹ் நம்மைக் காப்பானாக!

இந்த வாரமே நம் தெருவை ஒட்டிய வாய்க்காலைப் பார்வையிடுவோம். மதம் பாராது ஊராருடன் சேர்ந்து தூர் எடுப்போம். அள்ளியதை மக்க வைத்து வயலுக்கு அனுப்புவோம்.

யா அல்லாஹ்! எங்கள் நீரிலும் நிலத்திலும் பரக்கத் செய்வாயாக! வீண்விரயத்திலிருந்து எங்களைக் காப்பாயாக! எங்களால் எவருடைய உரிமையும் பறிபோகாத வாழ்வைத் தருவாயாக! ஆமீன்.