பயிற்சி மெக்கானிக்கின் முதல் மூலதனம்

(மும்பை மாட்டுங்காவில், மோட்டார் தொழில் பயிலும் தமிழ் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கருவிகளைப் பற்றிப் பேசுவதற்குப் பொருளாதாரம் படித்த ஓர் அரசு அலுவலனை அழைத்திருக்கிறீர்கள். ஸ்பானரைப் பிடித்தே குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறார்கள். அதை எப்படிப் பிடிப்பது என்று அவர்களுக்கு நான் கூற வேண்டியதில்லை. ஆனால் எந்தக் கருவியை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது, எந்தப் பணத்தைக் கொண்டு வாங்குவது, வாங்கியதை எங்கே வைப்பது என்பனவெல்லாம் மூலதனத்தைப் பற்றிய கேள்விகள். அந்த அளவில் எனக்கும் இங்கே சிறிது உரிமை உண்டு. வினைசெயல்வகை அதிகாரத்தில், ஒரு செயலில் இறங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டியவை ஐந்து என்று வள்ளுவர் வகுக்கிறார். பொருளுக்கு அடுத்த இடத்திலேயே கருவியை வைக்கிறார். பொருளாதாரம் படித்தவனுக்கு இந்த வரிசை மிகவும் பிடித்தமானது.

தாராவியிலும் குர்லாவிலும் செம்பூரிலும் உள்ள சிறு பட்டறைகளில் தொழில் கற்க வரும் இளைஞன் முதலில் 'ஹெல்பர்' ஆகிறான். மிஸ்திரி கேட்கும் பானாவை எடுத்துக் கொடுப்பது அவன் வேலை. மும்பையில் ஸ்பானருக்குப் பானா என்றே பெயர். மிஸ்திரியின் கருவி ஓய்வாக இருக்கும்போதுதான் அவன் கைக்கு வேலை கிடைக்கிறது. தனக்கென்று ஆறு பானாக்கள் வைத்திருப்பவன், மிஸ்திரி ஒரு சக்கரத்தைக் கழற்றும்போது மறுபக்கத்துச் சக்கரத்தைக் கழற்றலாம். கற்கும் வேகமும் கூலி கேட்கும் துணிவும் அங்கிருந்தே தொடங்குகின்றன. கருவி இல்லாத திறமை, நிலமில்லாத உழவனின் திறமையைப் போன்றது. அதன் பயனில் பெரும்பகுதி மற்றவரைச் சேர்ந்துவிடுகிறது.

நம் சட்டமும் இதை உணர்ந்தே இருக்கிறது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 60ஆவது பிரிவில், தீர்ப்புக் கடனுக்காக ஜப்தி செய்யக் கூடாத பொருள்களை வரிசைப்படுத்துகிறது. உடுக்கும் உடை, சமைக்கும் பாத்திரம், படுக்கை ஆகியவற்றை அடுத்துக் கைவினைஞரின் கருவிகள் வருகின்றன. கடன் கொடுத்தவர் நீதிமன்ற ஆணையுடன் வந்தாலும் தொழிலாளியின் உளியையும் சுத்தியலையும் எடுத்துச் செல்ல முடியாது என்பது அதன் கருத்து. இந்தச் செய்தி தாராவியில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

இனி, பெட்டிக்குள் எதை வைப்பது என்று பார்ப்போம். தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டாண்டுப் பயிற்சி ஆகும். அதற்கு மைய அரசின் பயிற்சித் தலைமை இயக்குநரகம் வகுத்த பாடத்திட்டத்தில், பயிற்சியாளருக்குரிய கருவிகளின் பட்டியல் ஒன்று உண்டு. 6 முதல் 32 மி.மீ. வரை 12 இருமுனை ஸ்பானர்கள். அதே அளவில் 12 ரிங் ஸ்பானர்கள். 28 துண்டுகள் கொண்ட சாக்கெட் தொகுதி. அரைக் கிலோச் சுத்தியல், 150 மி.மீ. குறடு, திருப்புளிகள், உளி, அரம், எஃகு அளவுகோல். இவற்றை வைக்கப் பூட்டு சாவியுடன் கூடிய மடக்கு வகை எஃகுப் பெட்டி. நல்ல பட்டியல்தான், ஆனால் அது ஒரு நிலையம் வாங்குவதற்கான பட்டியல். பயிற்சி முடிந்ததும் அக்கருவிகள் நிலையத்தின் இருப்புப் பதிவேட்டிலேயே தங்கிவிடும். இளைஞன் சான்றிதழுடன் வெளியே வருகிறான், பானா வருவதில்லை. வந்த பிறகு, அந்தப் பட்டியலை அப்படியே கடையில் நீட்டி விலை கேட்டுத் திகைத்துப் போகிறான்.

அவன் திகைக்க வேண்டியதில்லை. 12 இருமுனை ஸ்பானர்களில் 24 அளவுகள் உள்ளன. அவற்றுள் அன்றாடம் பயன்படுபவை எத்தனை? இதற்கு விடை காண மும்பைத் தெருக்களில் ஓடிய வண்டிகளின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். ஆங்கிலேயரின் மாரிஸ் காரை அடியொற்றிய அம்பாசடர் வண்டிக்கு அங்குல அளவு ஸ்பானர்கள் தேவைப்பட்டன. குர்லாவிலேயே பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்த பத்மினி, இத்தாலிய ஃபியட்டின் வழிவந்தது. அதற்கு மெட்ரிக் அளவில் 10, 13, 17, 19. பின்னர் 1983 டிசம்பரில் மாருதி வந்தது. ஜப்பானிய மரபில் அமைந்த அந்த வண்டி 10, 12, 14, 17 என்று கேட்டது. 8 மி.மீ. விட்டமுள்ள ஒரே போல்ட்டின் தலை, ஐரோப்பிய வழக்கில் 13 அளவும் ஜப்பானிய வழக்கில் 12 அளவும் உடையது என்பதே காரணம். 2003 அக்டோபரில் பதிவு செய்யப்பட்ட கடைசிப் பத்மினி டாக்சி, இருபதாண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் சாலையை விட்டு நீங்கியது. அத்துடன் பல மிஸ்திரிகளின் பெட்டியில் 13ஆம் எண் பானாவின் தேய்மானமும் குறைந்திருக்கும்.

ஓர் எச்சரிக்கையையும் இங்கே கூற வேண்டும். 17ஆம் எண் ஸ்பானர், ஐரோப்பிய மரபு வண்டியில் பெரும்பாலும் 10 மி.மீ. போல்ட்டைத் திருப்பும், ஜப்பானிய மரபு வண்டியில் 12 மி.மீ. போல்ட்டைத் திருப்பும். ஸ்பானர் ஒன்றே, கைப்பிடியின் நீளமும் ஒன்றே. போல்ட்டு தாங்கும் விசை வேறு. ஒன்றுக்குப் பழகிய கை மற்றொன்றின் மரையை அறுத்துவிடும். இதை எந்தப் பெட்டியும் கற்றுத் தராது. மிஸ்திரியின் அருகில் நிற்பதுதான் கற்றுத் தரும்.

ஆக, சந்தையில் கிடைக்கும் இருமுனை ஸ்பானர்களில் 8-9, 10-11, 12-13, 14-15, 16-17, 18-19 ஆகிய ஆறும் இருந்தால், இன்று பட்டறைக்கு வரும் கார்களிலும் இருசக்கர வண்டிகளிலும் பெரும்பாலான வேலைகளைத் தொடங்கிவிடலாம். அதே ஆறு அளவுகளில் ரிங் ஸ்பானர்களும் வேண்டும். திறந்த ஸ்பானர் நட்டின் இரு பக்கங்களை மட்டுமே பற்றுகிறது. ரிங் அதன் ஆறு மூலைகளையும் பற்றுகிறது. இறுகிய நட்டை ரிங்கினால் இளக்கி, பின்னர் திறந்த ஸ்பானரால் சுழற்றி எடுப்பதே முறை. மூலை மழுங்கிய நட்டு ஒன்று, ஸ்பானர் விலையில் மிச்சம் பிடித்த பணத்தைப் போலப் பல மடங்கை விழுங்கிவிடும். இவற்றுடன் ஒரு குறடு, தட்டை முனையும் நட்சத்திர முனையும் கொண்ட திருப்புளிகள், அரைக் கிலோச் சுத்தியல், ஆலன் சாவித் தொகுதி ஆகியவை போதும். சாக்கெட் தொகுதி இரண்டாம் ஆண்டுக்குரியது. இறுக்க விசையை அளக்கும் டார்க் ரெஞ்சு பட்டறையின் சொத்தாக இருக்க வேண்டியது. பயிற்சியாளன் அதற்காகக் கடன்படுவது வீண்.

ஒன்றை மட்டும் பழைய பட்டியல்களைவிட முன்னதாகவே வாங்கச் சொல்வேன்: ஒரு மல்டிமீட்டர். 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 நெறிமுறைகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபின், புதிய இருசக்கர வண்டிகளில் பெரும்பாலானவற்றிலும் கார்புரேட்டர் போய் எரிபொருள் தெளிப்பு முறை வந்துவிட்டது. முன்பு திருப்புளியைத் திருகி, காதால் கேட்டுச் சரிசெய்த கோளாற்றை இன்று வோல்ட்டு அளந்துதான் காண முடிகிறது. மின்சார வண்டிகளின் உயர் மின்னழுத்தப் பகுதிகளுக்கோ 1,000 வோல்ட்டுக்குச் சான்று பெற்ற காப்புக் கருவிகளும் தனிப் பயிற்சியும் வேண்டும். கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை போட்ட சாதாரணக் குறடு அந்தக் காப்பு ஆகாது.

வாங்கும் இடம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தென் மும்பையின் நாக்தேவி தெருவில் புதிய கருவிகள் கிடைக்கும்; சோர் பஜாரில் பழையவை. பழையதை இகழ வேண்டாம். நன்கு காய்ச்சி அடித்த பழைய ஸ்பானர், பளபளக்கும் புதிய போலியைவிட மேலானது. தாடை விரியாமலும் வெடிப்பு இல்லாமலும் இருக்கிறதா என்று பார்த்து, கையோடு கொண்டுபோன ஒரு புதிய போல்ட்டில் பொருத்தி ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் மிகுதியானால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். புதியவற்றுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் தரநிலைகள் உள்ளன. திறந்த ஸ்பானருக்கு ஐ.எஸ். 2028, ரிங் ஸ்பானருக்கு ஐ.எஸ். 2029. ஐ.எஸ்.ஐ. முத்திரையின் மேலே தரநிலை எண்ணும் கீழே உரிம எண்ணும் இருக்கும். அந்த உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' என்ற கைபேசிச் செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம். புகழ்பெற்ற பெயரில் ஓரெழுத்தை மாற்றி விற்பவர்களுக்கு இந்த எண்தான் சங்கடம்.

இப்போது பணத்திற்கு வருவோம். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ், 2019இல் திருத்திய விதிகள் குறைந்தபட்ச உதவித்தொகையைத் தகுதிக்கேற்ப மாதம் ரூ. 5,000 முதல் ரூ. 9,000 வரை வகுத்தன. அதே திருத்தத்தின்படி 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் பழகுநரைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். 4 முதல் 29 பேர் உள்ளவை விரும்பினால் சேர்க்கலாம். ஒரு மிஸ்திரியும் இரண்டு பையன்களும் உள்ள தாராவிப் பட்டறை இந்தக் கணக்கில் எங்கும் வராது. அங்கே உள்ள பையனுக்கு எளிதில் கிடைப்பது தினவசூல் கடன் ஒன்றே. ரூ. 10,000 கடன் என்று எழுதி, ரூ. 8,500 கையில் கொடுத்து, நாளுக்கு ரூ. 100 வீதம் 100 நாள் வசூலிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு வட்டி நூற்றுக்கு 15 போலத் தோன்றும். அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், கணக்கிட்டுப் பார்த்தால் அது ஆண்டுக்கு நூற்றுக்கு 120ஆக இருக்கும். பெரிய பெட்டியை ஒரே நாளில் வாங்கும் ஆசைக்கு இதுவே உண்மையான விலை. மாதம் இரண்டு பானா வீதம் வாங்கினால் அந்த ஆறு ஜோடியும் ஆறே மாதத்தில் கைக்கு வரும்; வட்டி ஒரு காசும் இல்லை.

வங்கிக் கடன் தேவைப்படுவோருக்கு, 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் ரூ. 50,000 வரை ஈடின்றிக் கடனுண்டு. கருவிக்கென்றே உதவும் திட்டங்களும் நம் நாட்டில் புதியவை அல்ல. ஊரகக் கைவினைஞர்களுக்கு மேம்பட்ட கருவிகள் வழங்கும் திட்டம் 1992இல் தொடங்கியது. விலையில் பத்தில் ஒரு பங்கைக் கைவினைஞர் செலுத்தினார். 1999இல் அது பொன்விழா கிராமத் தன்வேலைத் திட்டத்தில் இணைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டம், ரூ. 15,000 வரை கருவி ஊக்கத்தொகையும், 5 விழுக்காடு வட்டியில் இரு தவணைகளாக ரூ. 3 லட்சம் வரை கடனும் அளிக்க வகை செய்தது. அதில் சேர்க்கப்பட்ட 18 தொழில்களில் தச்சர், கொல்லர், பூட்டுச் செய்பவர், தையற்காரர், சுத்தியலும் கருவிப் பெட்டியும் செய்பவர் ஆகியோர் உண்டு. கருவிப் பெட்டி செய்பவருக்கு இடமிருக்கும் அந்தப் பட்டியலில் அதைச் சுமந்து பிழைக்கும் மோட்டார் மெக்கானிக்குக்கு இடமில்லை. மரபுத் தொழில்களுக்கான திட்டம் என்பது அதற்குரிய விளக்கம். விளக்கம் சரியானதே; ஆயினும் நகரத்துக் குடியிருப்புகளில் தந்தையின் பட்டறையில் மகன் தொழில் கற்பதும் இப்போது இரண்டு மூன்று தலைமுறை மரபாகிவிட்டது.

ஜெர்மனியில் பயிற்சி அளிக்கும் முதலாளியே பயிற்சிக் காலத்தில் கருவிகளை இலவசமாகத் தரவேண்டும் என்று தொழிற்பயிற்சிச் சட்டம் விதிக்கிறது. அமெரிக்காவில் மெக்கானிக் தன் கருவிகளைத் தானே வாங்குகிறார். கருவி வண்டிகள் பட்டறை வாசலுக்கே வந்து தவணையில் விற்கின்றன. நமது சிறு பட்டறைகளால் ஜெர்மானியச் சுமையைத் தாங்க இயலாது. அமெரிக்கத் தவணையை நம் இளைஞர்களால் தாங்க இயலாது. பயிற்சி நிலையம் ஆண்டுதோறும் கழித்துக்கட்டும் கருவிகளை ஏலத்தில் பழைய இரும்பாக விற்பதைவிட, தேர்ச்சி பெற்று வெளியேறும் மாணவருக்குக் குறைந்த விலையில் கொடுக்கலாம் என்பது என் சொந்தக் கருத்து. இங்கு வந்திருக்கும் அலுவலர்கள் இதைக் கருதிப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, பெட்டி. மூன்றடுக்கு, ஐந்தடுக்கு எஃகுப் பெட்டிகள் பார்க்க அழகானவை. நிரப்பிய ஐந்தடுக்குப் பெட்டியுடன் காலை எட்டரை மணிக்கு மாட்டுங்காவில் புறநகர் ரயில் ஏற முயன்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதல் ஆண்டில் கித்தான் துணியில் அறைகள் தைத்த சுருள் போதும். தையற்காரர்களுக்குத் தாராவியில் பஞ்சமில்லை. ஒரு பானா குறைந்தாலும் அதன் அறை வெறுமையாக நின்று காட்டிக்கொடுக்கும். பெட்டி வாங்கும்போது தகட்டின் கனத்தையும், பூட்டு மாட்டும் வளையம் ஆணி அறைந்ததா பற்றவைத்ததா என்பதையும் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடற்காற்றும் மழையும் சேர்ந்து எஃகை அரிக்கும். மாலையில் எண்ணெய்த் துணியால் துடைக்காமல் மூடிய பெட்டி ஈரத்தையும் உள்ளே வைத்துப் பூட்டுகிறது.

பெட்டியைப் பட்டறையில் வைப்பதா, வீட்டுக்குச் சுமப்பதா என்று கூட்டம் தொடங்குமுன் ஓர் இளைஞர் கேட்டார். பட்டறையில் வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு கருவியிலும் உங்கள் அடையாளத்தை எழுத்துப் பஞ்சினால் பதியுங்கள். வாங்கிய தேதி, அளவு, விலை ஆகியவற்றை இரண்டு நோட்டுகளில் எழுதுங்கள். ஒன்றில் பட்டறை உரிமையாளரின் கையெழுத்தைப் பெற்றுப் பெட்டிக்குள் வையுங்கள். மற்றொன்றைக் கடை ரசீதுகளுடன் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.