மாயை எங்கே குடியிருக்கிறது?

ஷிஃப்ட் முடிந்து கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தங்கைகளே, தம்பிகளே, அறிவியல் புனைகதையில் மாயையும் மனவசியமும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பை வேறு எந்த ஊரில் பேசுவதைவிடவும் ஸ்ரீபெரும்புதூரில் பேசுவதுதான் பொருத்தம். 1017இல் இந்த ஊரில் பிறந்தார் என்று மரபு சொல்லும் இராமானுசர், உலகம் அவித்தையின், அதாவது மாயையின், தோற்றம் என்ற கொள்கையை மறுத்து, ஸ்ரீபாஷ்யத்தில் ஏழு தடைகளை அடுக்கினார். முதல் தடையே ஒரு கேள்விதான். அந்த அவித்தை எங்கே குடியிருக்கிறது? பிரம்மத்தில் என்றால், அறிவே வடிவான பொருளுக்குள் அறியாமை எப்படித் தங்கும்? சீவனில் என்றால், சீவன் தனியாகத் தோன்றுவதே அவித்தையால்தான் என்கிறீர்களே, சீவன் தோன்றும் முன்பு அது எதைப் பற்றிக்கொண்டு நின்றது? வேதாந்தத்தையும் சினிமாவையும் ஒரே உலையில் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். போடவில்லை ஐயா. அவர் பேசியது பரம்பொருளைப் பற்றி, நான் பேசப்போவது கதைகளைப் பற்றி. அவருடைய விடையை நான் எடுக்கவில்லை, கேட்ட முறையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மனவசியத்தைச் சொல்கிற எந்தக் கதையிடமும் அந்த முறையில் கேட்டுப் பாருங்கள். மாயை எங்கே இருக்கிறது, அதை ஓட்டுகிறவன் யார், எந்தக் கருவியால் ஓட்டுகிறான், யாருக்கு லாபம்? இதற்கு விடை வைத்திருக்கிற கதை நம்மைக் காக்கும். விடை இல்லாத கதை நம்மை இன்னும் ஆழமாகத் தூங்க வைக்கும். இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

நம் பழைய கதைகள் இந்தக் கேள்விக்கு அஞ்சியதே இல்லை. பாரதத்தில் துரியோதனன் நீரைத் தரை என்று நினைத்துக் கால் வைத்து விழுந்தானே, அந்த மண்டபம் தானாக முளைத்ததா? மயன் கட்டினான். காண்டவ வனத் தீயில் உயிர் பிழைத்ததற்குக் கைம்மாறாகக் கட்டிக் கொடுத்தான். ஆக, மாயைக்கு ஒரு கொத்தனார் இருந்தான், காரணம் இருந்தது, பயன்பெற்றவர்கள் இருந்தார்கள். 1957இல் கே.வி. ரெட்டி எடுத்த மாயாபஜாரைப் பாருங்கள். அதில் ஒரு பெட்டி வரும். திறந்து பார்க்கிறவருக்கு, அவர் மனம் எதை அதிகம் நேசிக்கிறதோ அதையே காட்டும். அதே படத்தில் ஒரு பீடமும் வரும். அதன்மேல் ஏறி நிற்கிறவன், சகுனியே ஆனாலும், உள்ளத்தில் இருப்பதைக் கக்கிவிடுவான். விரும்பியதைக் காட்டும் கருவியையும் உண்மையைக் கக்க வைக்கும் கருவியையும் ஒரே கதைக்குள் வைத்தவர்களின் அறிவை எண்ணிப் பாருங்கள்! அந்தப் பெட்டி இன்று உங்கள் எல்லோர் பையிலும் இருக்கிறது. அதைச் செய்கிற ஊரே இதுதான். 2006இல் இங்கே கைப்பேசித் தொழிற்சாலை தொடங்கியது. 2014 நவம்பரில் அந்தப் பழைய நோக்கியா ஆலை மூடியபோது ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தெருவில் நின்றதும் இந்த ஊரில்தான், இன்று ஐபோன் கோத்து உலகத்துக்கு அனுப்புவதும் இந்த ஊர்தான். திரை எப்படி ஒளிர்கிறது, எந்தத் துண்டு எந்தத் துண்டோடு சேர்கிறது, எங்கே பிழை வந்தால் டெஸ்டிங்கில் நிற்கும் என்பதெல்லாம் இந்தக் கூட்டத்தில் இருக்கிற எத்தனையோ கைகளுக்குத் தெரியும். அதனால்தான் மாயையைப் பற்றிப் பேச உங்களைவிடத் தகுதியான சபை எனக்குக் கிடையாது என்கிறேன்.

இப்போது நம் மாவட்டத்தோடு ஒட்டிய ஒரு படத்துக்கு வருகிறேன். 2011 தீபாவளிக்கு வந்த ஏழாம் அறிவு. காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் போதிதர்மர் என்ற மரபிலிருந்து தொடங்குகிறது. சீனாவிலிருந்து வருகிற டாங் லீ ஒருவரை உற்றுப் பார்க்கிறான். அவ்வளவுதான், பார்க்கப்பட்டவர் அவன் கைப் பொம்மை. சாலையில் போகிறவர் ஆயுதமாகிறார், காவலர் கொலைகாரராகிறார். நோக்கு வர்மம் என்று பெயர் சொன்னார்கள், திரையரங்கம் அதிர்ந்தது. தமிழனுக்குப் பெருமை சேர்த்த படத்தைக் குறை சொல்லலாமா என்று கேட்பவர்களின் உணர்வை மதிக்கிறேன். போதிதர்மர் பெயரை ஒரு தலைமுறைக்கு அறிமுகம் செய்தது அந்தப் படம், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் இராமானுசரின் கேள்வியை அதனிடம் கேளுங்கள். மாயை எங்கே இருக்கிறது? வில்லனின் கண்ணில். வேறெங்கும் இல்லை. வசியத்துக்கு ஆளானவருக்குப் பொறுப்பும் இல்லை, தப்பும் வழியும் இல்லை. ஏமாந்தவர் ஏன் ஏமாந்தார் என்று கேட்கவே இடமில்லை. கெடுதல் கடல் கடந்து வந்தது, அந்நியன் கண்ணில் வந்தது என்று சொல்லிவிட்டால் உள்ளூரில் எதையும் சோதித்துப் பார்க்க வேண்டிய தேவை இருக்காது. அந்த ஆறுதல்தான் எனக்குக் கவலை தருகிறது.

அறிவியல் இதைப் பற்றி என்ன சொல்கிறது? 1784இல் பாரிஸில் மெஸ்மர் என்பவரின் வசிய வைத்தியத்தைச் சோதிக்க ஃபிரான்ஸ் மன்னர் ஒரு குழு போட்டார். பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் வேதியியல் மேதை லவாய்சியேயும் அந்தக் குழுவில் இருந்தார்கள். நோயாளிகளின் கண்ணைக் கட்டினார்கள். வசியம் செய்கிறோம் என்று பொய்யாகச் சொன்னபோது நோயாளிகள் துடித்தார்கள். சொல்லாமல் வசியம் செய்தபோது ஒன்றும் நடக்கவில்லை. அதாவது வல்லமை மெஸ்மரின் கையில் இல்லை, நம்பியவரின் எதிர்பார்ப்பில் இருந்தது. 1953 முதல் அமெரிக்க உளவுத்துறை, மனித மனத்தைக் கட்டுப்படுத்த எம்கே அல்ட்ரா என்று ஒரு ரகசியத் திட்டமே நடத்தியது. தெரியாமல் மருந்து கொடுத்தார்கள், அப்பாவிகளைச் சிதைத்தார்கள். 1973இல் பெரும்பாலான கோப்புகளை அழித்தார்கள், 1975இல் விஷயம் வெளியே வந்தது. அத்தனை பணமும் அதிகாரமும் இருந்தும், இன்னொரு மனிதனைப் பொம்மையாக்கும் சூத்திரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. சில மேடைகளில் சிலர் முழங்குகிறார்கள்: மனவசியமெல்லாம் நம் முன்னோர் எப்போதோ கண்டுபிடித்ததுதான், வெள்ளைக்காரன் திருடிக்கொண்டான் என்று. பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். நம் முன்னோர் சோம்பேறிகள் அல்ல. கேள்வி கேட்டார்கள், தடை எழுப்பினார்கள், விடை சொன்னார்கள், அந்த விடைக்கும் மறுப்பு எழுதினார்கள். கேள்வியை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பெருமையை மட்டும் மேடையில் விற்கிறவர்கள் அந்த முன்னோருக்கு வாரிசு ஆக முடியாது.

இனி சுஜாதாவுக்கு வருகிறேன். வெகுஜன எழுத்து, பொழுதுபோக்கு எழுத்து என்று சிலர் ஒதுக்கி வைக்கிற அதே சுஜாதா. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர். வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் பங்குள்ளவர். ஓர் இயந்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த கை அது. 1980களில் ஆனந்த விகடனில் அவர் எழுதிய என் இனிய இயந்திரா, அப்போது எதிர்காலமாக இருந்த 2020களின் தொடக்கத்தில் நடக்கிறது. எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர். பிள்ளை பெற அரசின் அனுமதி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஜீவா என்ற தலைவர். மக்கள் அவரை வணங்குகிறார்கள், அஞ்சுகிறார்கள். கதை முன்னேறும்போதுதான் தெரிகிறது, ஜீவா என்று ஆளே இல்லை. ஒளியால் செய்த பிம்பம். பின்னால் இயக்குகிற கைகள் வேறு. கவனியுங்கள், சுஜாதா அதோடு நிறுத்தவில்லை. பிம்பம் உடைந்ததும் விடுதலை வந்துவிட்டது என்று மணியடித்து முடித்திருந்தால் அது சாதாரணக் கதை. புரட்சி பேசிய ரவியும் மனோவுமே நிலா என்ற அப்பாவிப் பெண்ணை அரியணையில் உட்கார வைத்துப் பின்னாலிருந்து ஆள்கிறார்கள். அதன் தொடர்ச்சியான மீண்டும் ஜீனோ அங்கிருந்துதான் நகர்கிறது. முதலில் ஒளி பொம்மையாக இருந்தது, பிறகு உயிருள்ள பெண்ணே பொம்மையானாள். இராமானுசரின் கேள்விக்குச் சுஜாதாவின் விடை தெளிவு: மாயை யார் கண்ணிலும் இல்லை. அது கருவியில் இருக்கிறது, கருவியை இயக்கும் சிலரின் கணக்கில் இருக்கிறது, கேட்காமல் வணங்கும் பலரின் பழக்கத்தில் இருக்கிறது. அந்தக் கதையில் முதலில் யோசிக்கத் துணிகிறது எது? ஜீனோ. ஓர் இயந்திர நாய், புத்தகம் படிக்கிற நாய்! படித்ததால் கேள்வி கேட்டது, கேள்வி கேட்டதால் நிலாவுக்குத் துணையாயிற்று.

அது வெறும் கதை என்கிறீர்களா? 2024 ஜனவரியில், இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் டி.ஆர். பாலு அவர்களின் தன்வரலாற்று நூல் வெளியீட்டு விழாவில், 2018இல் மறைந்த கலைஞர் திரையில் தோன்றி வாழ்த்தினார். செயற்கை நுண்ணறிவு செய்த உருவம், செய்த குரல். அடுத்த மாதமே ஜெயலலிதா அம்மையாரின் பிறந்தநாளில், அவர் குரலைப் போலச் செய்த பேச்சை அவருடைய கட்சி வெளியிட்டது. நான் எந்தக் கட்சியையும் குறை சொல்லவில்லை. இரண்டு இடத்திலும் செய்தவர்கள் ஒளித்துச் செய்யவில்லை, பார்த்தவர்களுக்கும் அது செய்யப்பட்டது என்று தெரியும். அப்படியானால் என்ன தீங்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தெரிந்தே பார்த்த கண்களும் கலங்கின என்பதுதான் என் விடை. செயற்கை என்று அறிவு சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாசம் தன் வேலையைச் செய்துவிடுகிறது. இன்று அறிவித்துவிட்டுச் செய்கிறார்கள். நாளை அறிவிக்காமல், வாக்குப்பதிவுக்கு முந்தின இரவு, ஒரு குரல் உங்கள் கைப்பேசிக்கு வந்தால்? மறைந்தவர் வாயில், அவர் சொல்லாத சொல்லை வைக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதை நாம் இன்னும் பேசித் தீர்க்கவில்லை.

இவ்வளவு பெரிய கருவி கூட வேண்டாம். 2018 மே மாதம் நினைவிருக்கிறதா? குழந்தை கடத்துகிறவர்கள் ஊருக்குள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி. போளூர் பக்கம், குலதெய்வம் கும்பிட வந்த ஒரு மூதாட்டி குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். ஊரே கூடி அடித்துக் கொன்றது. அந்த ஆண்டு நாடு முழுக்கச் சுற்றிய ஒரு படக்காட்சி, கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திருப்பி விட்டுவிடுகிற கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். எந்த டாங் லீயும் உற்றுப் பார்க்கவில்லை. ஒரு கத்தரிக்கோலும், அக்கம்பக்கத்தின் அச்சமும் போதுமாயிருந்தது. 1951இல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கோடுகளைக் காட்டி நீளம் கேட்டார். சுற்றியிருந்தவர்கள் வேண்டுமென்றே தவறான விடை சொன்னபோது, நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது தங்கள் கண்ணை நம்பாமல் கூட்டத்தோடு சேர்ந்தார்கள். ஆனால் சரியான விடை சொல்ல ஒரே ஒரு துணை இருந்தபோது அந்தப் பிடி வெகுவாகத் தளர்ந்தது. மனவசியத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த மிகப் பெரிய நல்ல செய்தி அதுதான்.

அந்த ஒரே குரலைத் தேடி நீங்கள் வெகுதூரம் போக வேண்டாம். 2021 டிசம்பரில், பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் உணவு கெட்டு, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று உடன் வேலை செய்த பெண்களுக்கு யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. அந்த வதந்தி பொய். ஆனால் அது வளர்ந்த நிலம் எது? மௌனம். சொல்ல வேண்டியவர்கள் சொல்லாத இடத்தில்தான் பொய் குடியேறும். அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து, எங்கள் தோழிகளைக் காட்டுங்கள் என்றார்கள். வதந்தியில் ஏமாந்த கூட்டம் என்று அவர்களை எழுதியவர்கள் உண்டு. நான் மறுக்கிறேன். யாரையும் அடிக்கவில்லை அவர்கள், காட்டு என்று கேட்டார்கள். போளூருக்கும் பூந்தமல்லிக்கும் இருக்கிற வேறுபாடு அதுதான். அந்தப் பெண்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. இந்த மேடையில் யாரை மறந்தாலும் அவர்களை மறக்கமாட்டேன். காட்டு என்று கேட்டதைத்தான் இராமானுசர் வேறு தளத்தில் கேட்டார், சுஜாதா வேறு வடிவில் எழுதினார்.

பன்னிரண்டு மணி நேரம் வீட்டை விட்டு வெளியே இருந்து, நின்று வேலை செய்து வருகிற பிள்ளைக்கு அறிவியல் புனைகதை எதற்கு, தூக்கம் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். தூக்கம் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தூக்கத்துக்கு முன் அரைமணி நேரம் அந்தப் பிள்ளை கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருப்பது இவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா? அந்த அரைமணி யாருக்காவது போகத்தான் போகிறது. அதில் பாதியை ஜீனோவுக்குக் கொடுக்கச் சொல்கிறேன். 1948ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டத்தின் கீழ் நாம் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், ரூபாய்க்குப் பத்துப் பைசா. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் அரசு திறந்த விடுதியில் 18,720 பெண்கள் தங்கலாம். அந்த விடுதியிலும், ஒரகடம் முதல் சுங்குவார்சத்திரம் வரை தொழிலாளர் தங்கும் ஒவ்வொரு விடுதியிலும், இரவு ஷிஃப்ட் முடிந்து காலை ஆறு மணிக்கு வருகிறவருக்கும் திறந்திருக்கும் ஒரு வாசிப்பறை அந்த நூலக வரியிலிருந்து வேண்டும். இதைக் கேட்டு நூலகத் துறைக்கு எழுதிய ஒரு மனு இந்த மேசைமேல் இருக்கிறது. போகும்போது ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.