சூளை வரை வந்து சேரும் பணம்



காலடிப்பேட்டை மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடப்பவருக்கு இன்று அது சென்னை மாநகரம். 20 ஆண்டுகளுக்கு முன்பு அப்படி இல்லை. திருவொற்றியூர் அப்போது தனி நகராட்சி. திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்த மாவட்டத்துக்கு 2004 வாக்கில் கடல் கடந்து ஒரு நிதி வந்தது. திட்டத்தின் பெயர் ‘இண்டஸ்’. ஆபத்தான வேலைகளிலிருந்து குழந்தைகளை மீட்டுப் பள்ளியில் சேர்ப்பதற்கான திட்டம் அது.

அமெரிக்கத் தொழிலாளர் துறை 2 கோடி டாலர் கொடுத்தது. இந்திய அரசும் அதே அளவு, 2 கோடி டாலர் போட்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பொறுப்பேற்று நடத்தியது. டெல்லியையும் சேர்த்து ஐந்து மாநிலங்களில் 21 மாவட்டங்கள் தேர்வாயின. தமிழ்நாட்டில் காஞ்சிபுரம், திருவள்ளூர், திருவண்ணாமலை, நாமக்கல், விருதுநகர் ஆகிய ஐந்து. இதில் கவனிக்க வேண்டியது அந்தச் சரிபாதி. கொடுத்தவர் நாளைக்குக் கையை விரித்தாலும் பாதிப் பணம் இங்கே இருக்கும். அதைவிட முக்கியமாக, பாதிப் பொறுப்பு இங்கே இருக்கும்.

இதை இப்போது நினைவுபடுத்தக் காரணம் உண்டு. ஆள்கடத்தலை எதிர்க்கும் வேலைக்கு உலகில் மிக அதிகமாக நிதி கொடுத்துவந்த அரசுகளில் ஒன்று அமெரிக்கா. 2000-ம் ஆண்டு அந்த நாடு கொண்டுவந்த ஆள்கடத்தல் தடுப்புச் சட்டத்தின் அடிப்படையில் பல நாடுகளில் மீட்புப் பணிகளுக்கும் காப்பகங்களுக்கும் மானியம் போனது. 2025 ஜனவரி 20 அன்று, புதிய அதிபர் பதவியேற்ற அதே நாளில், வெளிநாட்டு உதவிகளை 90 நாட்களுக்கு நிறுத்திவைக்கும் உத்தரவு வந்தது. மார்ச் மாதம் அமெரிக்கத் தொழிலாளர் துறை, குழந்தை உழைப்பையும் கட்டாய உழைப்பையும் எதிர்த்து உலகெங்கும் நடந்துவந்த 69 திட்டங்களின் மானியத்தை மொத்தமாக ரத்து செய்தது. 50 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகை. இண்டஸ் திட்டத்துக்குப் பணம் கொடுத்ததும் இதே துறைதான்.

ஆள்கடத்தல் என்றதும் பலருக்கு மூடிய வேனும் மயக்க மருந்தும் நினைவுக்கு வருகின்றன. வடசென்னையிலிருந்து மேற்கே, செங்குன்றத்தைத் தாண்டினால், வேறொரு முறையைப் பார்க்கலாம். அங்கே கடத்தும் கருவி முன்பணம். ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா போன்ற வறண்ட மாவட்டங்களில் அறுவடைத் திருநாள் முடிந்ததும் ‘சர்தார்’ எனப்படும் தரகர் ஊருக்குள் வருகிறார். கணவன், மனைவி, கூட ஒரு பிள்ளை என்று குடும்பத்தையே ஒரு கூட்டாகக் கணக்கிட்டு அட்வான்ஸ் கொடுக்கிறார். அந்தக் கூட்டுக்கு ‘பத்துரியா’ என்று பெயரே இருக்கிறது. செங்கல் சூளைக்கு வந்த பிறகு ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. வெயில் ஏறுவதற்குள் அறுத்தாக வேண்டும் என்பதால் நள்ளிரவு தாண்டியதும் மண் மிதிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஈரக் கல்லைப் புரட்டிப்போடுவது பிள்ளையின் வேலை. சின்னக் கால்தான் கல்லை மிதிக்காமல் வரிசைக்குள் நடக்கும். வாரச் செலவுக்குக் கொஞ்சம் பணம் வரும். கணக்கு மட்டும் முதலாளியின் நோட்டில் இருக்கும். 2011-ல் திருவள்ளூர் மாவட்டத்துச் சூளை ஒன்றிலிருந்து ஒடிசாக்காரர்கள் 500-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். அரிசி ஆலைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் இதே வலையில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் நம் மண்ணின் இருளர்கள்.

மீட்பு நாளில் கோட்டாட்சியர் ஒவ்வொருவராக விசாரிப்பார். எவ்வளவு வாங்கினாய், யார் கொடுத்தது, ஊருக்குப் போக விட்டார்களா, கூலி கையில் வந்ததா. பதில்களைப் பார்த்து அவர் கையெழுத்திட்டுத் தரும் தாள்தான் விடுதலைச் சான்றிதழ். 1976-ம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி கடன் அத்தோடு ஒழிகிறது. அரசின் உதவி முழுவதும் இந்த ஒற்றைத் தாளைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது.

2016-ல் திருத்தப்பட்ட மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டம் ஆணுக்கு 1 லட்சம் ரூபாய், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல், கடத்தல் போன்ற கொடுமைகளுக்கு ஆளானவர்களுக்கு 3 லட்சம் என்று வகுத்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வழக்கு முடிந்து குற்றம் உறுதியானால்தான் முழுத் தொகை. அதுவரை உடனடி உதவி மட்டும். முதலில் 20,000 ரூபாயாக இருந்து பின்னர் 30,000 ஆனது. சாட்சி சொல்ல வேண்டிய குடும்பமோ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒடிசாவில் இருக்கிறது. வாய்தா மேல் வாய்தா விழும்போது அடுத்த பருவம் வந்துவிடும், சர்தாரும் வந்துவிடுவார். கொடுமைக்கு ஆளானவரின் நிவாரணத்தைக் குற்றவாளியின் தண்டனையோடு முடிச்சுப் போட்டது பெரிய தவறு.

இந்த இடைவெளியைத்தான் பல இடங்களில் தொண்டு நிறுவனங்கள் வெளிநாட்டு மானியத்தைக் கொண்டு நிரப்பிவந்தன. சாட்சிகளை அழைத்துவருவது, ஆதார் வாங்கித் தருவது, சாதிச் சான்றுக்கு அலைவது எல்லாம் அந்தக் காசில் நடந்த வேலைகள். அதிலும் 2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வந்த திருத்தம், ஒரு நிறுவனம் தான் பெற்ற நிதியை இன்னொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்து கொடுப்பதைத் தடுத்துவிட்டது. நகரத்தில் அலுவலகம் வைத்து, ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதத் தெரிந்த அமைப்புக்குப் பணம் கிடைக்கலாம். சூளைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னச் சங்கத்துக்கு அது போய்ச் சேராது.

எல்லை தாண்டிய கடத்தலில் நிலைமை கொஞ்சம் தேவலை. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் அகப்பட்ட தமிழ் இளைஞர்களில் 13 பேர் 2022 அக்டோபரில் ஊர் திரும்பினார்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் அங்கிருந்து அழைத்துவரப்பட்டார்கள். வெளிநாட்டில் தவிப்பவர்களுக்கென்றே 2009 முதல் இந்திய சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது. தூதரகங்கள் தம் சேவைகளுக்கு வசூலிக்கும் கட்டணத்திலிருந்து சேரும் பணம் அது. எந்த நாட்டுத் தேர்தல் முடிவும் அதைத் தொட முடியாது.

உள்ளூரிலும் நல்ல முன்மாதிரி இருக்கிறது. உலக வங்கிக் கடனுதவியோடு தமிழக அரசு நடத்திய ‘வாழ்ந்து காட்டுவோம்’ திட்டத்தின் நிதியில், திருவள்ளூர் மாவட்டத்தில் மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களுக்குச் சொந்தமாகவே ஒரு செங்கல் சூளை உருவானது. பெயர் ‘சிறகு’. அவர்களுக்குத் தெரிந்த தொழில் அது. அங்கே கணக்கு நோட்டு அவர்கள் கையில்.

மத்திய திட்டத்திலேயே இன்னொரு வழியும் உண்டு. ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைந்தது 10 லட்சம் ரூபாய் மறுவாழ்வு நிதி ஆட்சியரிடம் தயாராக இருக்க வேண்டும் என்கிறது அது. மீட்பு நடந்த அன்றே எடுத்துக் கொடுக்கலாம். டெல்லியின் பதிலுக்கோ வாஷிங்டனின் மனமாற்றத்துக்கோ காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் மாவட்டத்தில் அந்த நிதி வைக்கப்பட்டிருக்கிறதா, கடைசியாக எப்போது செலவானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.